சீழ்ப்புண்ணும் இரும்புச்சத்து மாத்திரையும்

தங்கச்சி, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குக் காலில் சீழ்ப்புண், காய்ச்சல். ரத்தத்தில் இரும்பு குறைவு என்று வந்ததால் மாத்திரையை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

பாக்டீரியா பெருக இரும்பு வேண்டும். அதனால் தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். குடல் இரும்பை உள்ளே விடாது, உடம்பும் இருப்பதைப் பூட்டி வைத்துவிடும். ரத்தத்தில் இரும்பு இறங்க இதுவும் காரணம். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் என்ற புரதமோ அழற்சியால் ஏறிக் காட்டும். காய்ச்சல் விட்டு, புண் ஆறிய பிறகு மறுபடி சோதிப்பதுதான் சரி. துத்தநாகத்தையும் வெள்ளணுக்கள் கால்புரொடெக்டின் என்ற புரதத்தால் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்து வைக்கும். ஆனால் நெடுநாள் துத்தநாகக் குறைவு இருந்தால் அழற்சி கூடும், புண்ணும் சீக்கிரம் ஆறாது. நெத்தலி, முட்டை, பருப்பு கொடுங்கள். சோற்றோடு பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) வேண்டாம், இரும்பு சேராது.

அப்புறம், சிப்ரொஃப்ளொக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தந்திருந்தால் இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது, மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்பை இப்போதைக்கு நிறுத்துவதா, எவ்வளவு நேரம் தள்ளிக் கொடுப்பதா என்று டாக்டரிடமே கேளுங்கள். சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணைச் சுற்றியுள்ள சிவப்பு காலில் மேலே ஏறினாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.