லேபில் சிஸ்டம் ஹேங் ஆனால் சுவிட்சை அணைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளி லேபில் சிஸ்டம் ஹேங் ஆனதும் பிள்ளைகள் சுவிட்சை அணைக்கிறார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஃபைல் கெட்டுப்போகலாம். கேரளப் பள்ளிகளில் பெரும்பாலும் உபுண்டு வழி வந்த கைட் லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான். முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லாகின் கேட்கும் கறுப்புத் திரை வந்தால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. லாகின் செய்து ரீபூட் கட்டளை கொடுங்கள்.

அதுவும் வராவிட்டால் ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்தபடி எஸ், யூ, பி என்று சில விநாடி இடைவெளி விட்டுத் தட்டுங்கள். எஸ், எழுதாமல் மிச்சமிருப்பதை டிஸ்கில் எழுதிவிடும், யூ, அதற்குமேல் எதையும் எழுதவிடாது, பி, ரீஸ்டார்ட். பவர் பட்டன் கடைசி வழி.

யாரோ லாக் செய்துவிட்டுப் போயிருந்தால் ரீஸ்டார்ட்டே வேண்டாம். லாக் திரையிலிருந்தே வேறு பயனராக நுழையுங்கள். அந்தப் பிள்ளை சேமிக்காமல் விட்ட வேலையும் தப்பும்.