கொஞ்சம் திரும்பி நின்னுடுற பூட்டு: ஸ்பூல் பின், செரேட்டட் பின் பத்தி ஒரு பதில்

கேள்வி: அண்ணா, ஓசூர்ல ஒரு ஃபேக்டரில மெயின்டனன்ஸ்ல இருக்கேன். ஹாபியா பூட்டு பிக் பண்ண, அதாவது சாவி இல்லாம கம்பியால திறக்க, பழகிட்டு இருக்கேன், சாதாரண பித்தளை பேட்லாக் எல்லாம் சீக்கிரம் வந்துடுது. அடுத்ததா அமெரிக்கன் லாக் கம்பெனியோட 1100 பேட்லாக் ஒண்ணு சாவியோட வாங்கினேன். கொஞ்சம் திரும்புது, அப்டியே நின்னுடுது, அதுக்கப்புறம் எந்த பின்ன எவ்ளோ தூக்கினாலும் நகரல. டூல்ஸ் பத்தலையா, பெரிய செட்டா வாங்கணுமா? இல்ல இத ஓரமா வச்சிட்டு திண்டுக்கல் பூட்டுல ட்ரை பண்ணலாமா?

பதில்: மொதல்ல காசு விஷயத்த முடிச்சிடுவோம். பெரிய செட் வாங்காதீங்க தம்பி. முப்பது நாப்பது பீஸ்னு விக்கிற செட்ல பாதிக்கு மேல ரேக் தான் இருக்கும், சும்மா உள்ள விட்டு உராஞ்சி உராஞ்சி சாதாரண பூட்ட திறக்கறதுக்கு, உங்க பூட்டுல அது பெருசா எடுபடாது. பின்ன தூக்கற சின்ன ஹூக் ஒண்ணு, அத விட கொஞ்சம் உயரமா இன்னொரு ஹூக், தடிமன் 0.6 மில்லிமீட்டர் இருந்தா போதும், இந்த கீவே (சாவி போற துளை) ஒடுக்கமா இருக்கறதால இன்னும் மெல்லிசா 0.5 கிடைச்சா நல்லது. அதோட கீவேல பின் இருக்கற பக்கத்து வாசல்ல ஆடாம உட்கார்ற தட்டையான டென்ஷன் பார் ஒண்ணு, பூட்ட திருப்பி பிடிச்சிக்கற கம்பி. இத எதிர்பக்கம், அதாவது சாவியோட முதுகு போற பக்கம் போட்டா பாதி வழிய அதுவே அடைச்சிக்கும், ஹூக் உள்ள புரள இடமே இருக்காது. உங்களோடது அந்த மாதிரி வளைஞ்ச பழைய டைப் ரெஞ்சா இருந்தா மொதல்ல அத மாத்துங்க, செலவு அவ்ளோ தான்.

இப்போ உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். பின் டம்ப்ளர் அடிப்படை உங்களுக்கு தெரிஞ்சது தான், கீழ கீ பின், மேல டிரைவர் பின், அதுக்கு மேல ஸ்பிரிங், டிரைவரும் கீ பின்னும் பிரியற இடம் சாவியோட சேர்ந்து சுத்தற உருளையான பிளக்கோட விளிம்புக்கு, அதாவது ஷியர் லைனுக்கு, சரியா வந்தா பூட்டு சுத்தும். 1860கள்ல லைனஸ் யேல் ஜூனியர் பேட்டன்ட் வாங்கின டிசைன், இன்னிக்கும் அதே தான். எந்த ஃபேக்டரியும் துளைகள நூல் பிடிச்ச மாதிரி ஒரே கோட்டுல போட முடியாது, அதனால பிளக்க திருப்பி பிடிச்சா அஞ்சு பின்னும் ஒரே நேரத்துல இறுகாது, ஒண்ணு தான் மொதல்ல இறுகும், அத ஏத்தினா அடுத்தது இறுகும். பிக்கிங் முழுக்க இந்த ஒரு பலவீனத்த வச்சி தான் ஓடுது. இது வரைக்கும் உங்களுக்கு வந்துடுச்சு.

செக்யூரிட்டி பின் போடறவன் இந்த பலவீனத்த சரி பண்றது இல்ல, அது இருக்கட்டும்னு விட்டுட்டு உங்க விரல ஏமாத்தறான். ஸ்பூல் பின்னுக்கு நடுவுல இடுப்பு ஒட்டியிருக்கும், மேலயும் கீழயும் அகலமான விளிம்பு. நீங்க தூக்கும்போது அந்த ஒல்லியான இடுப்பு ஷியர் லைனுக்கு வந்தவுடனே பிளக் டப்புனு கொஞ்சம் திரும்பும், கண்ணுக்கே தெரியற அளவுக்கு. திறந்துடுச்சுன்னு தோணும். ஆனா ஸ்பூலோட கீழ் விளிம்பு இன்னும் பிளக்குக்குள்ள தான் மாட்டிட்டு இருக்கு, இதத்தான் ஃபால்ஸ் செட்ங்கறோம். நீங்க நிக்கற இடம் இது தான், அதுக்காக வருத்தப்படாதீங்க, இந்த பூட்டு உங்களுக்கு மொதல் தடவையா உண்மைய சொல்லுது: சாதாரண பின் எல்லாம் கிட்டத்தட்ட ஏறிடுச்சு, மிச்சம் இருக்கறதுல ஒரு ஸ்பூலாவது இருக்கு.

அங்க இருந்து வெளிய வர வழி ஒண்ணே ஒண்ணு, பிளக்க பின்னாடி விட்டு கொடுக்கணும். இடுப்புல மாட்டியிருக்கற ஸ்பூல மேல தள்ளினீங்கன்னா அதோட அகலமான கீழ் விளிம்பு பிளக்க சுத்தி இருக்கற வெளிக்கூட்டோட ஓரத்துல வந்து முட்டும், அது ஷியர் லைன தாண்டி மேல போகணும்னா பிளக் எதிர்பக்கமா திரும்பி இடம் விடணும். இந்த எதிர் திருப்பம் டென்ஷன் பார்ல உங்க விரல தள்ளற மாதிரி தெரியும். கவுண்டர் ரொட்டேஷன்னு பேரு. நீங்க விரல இறுக்கி பிடிச்சிட்டு இருந்தா பிளக் எப்டி திரும்பும்? "எவ்ளோ தூக்கினாலும் நகரல"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நீங்களே தான் அத நகர விடாம பிடிச்சிட்டு இருக்கீங்க. மொத்தமா விட்டுட்டாலும் போச்சு, ஏத்தி வச்ச எல்லா பின்னும் சடசடன்னு இறங்கிடும். மேட்டுல நிக்கற பைக்க கிளட்ச்ச கொஞ்சம் கொஞ்சமா விட்டு எடுப்போம்ல, அந்த மாதிரி, ஹூக்கு மேல போக போக டென்ஷன் விரல் அதே அளவுக்கு இளகணும், பின் உட்கார்ந்த நொடியில பிளக் மறுபடி முன்னாடி வந்து நிக்கும், இந்த தடவ முன்ன விட ஒரு துளி அதிகமா கூட திரும்பலாம்.

எல்லாரும் பிக் பிடிக்கிற கைய தான் பழக்கறாங்க. என் அனுபவத்துல செக்யூரிட்டி பின்ன திறக்கறது இன்னொரு கை. வலது கை கேள்வி கேக்குது, பதில் டென்ஷன் பார் வழியா தான் வருது, அந்த விரல்ல அழுத்தம் ஜாஸ்தியானா பதில் கேக்காது. டென்ஷன் பிடிக்கிற விரல் நுனி வெளுத்து போச்சுன்னா அது ஜாஸ்தின்னு வச்சிக்கோங்க.

கவுண்டர் ரொட்டேஷன் வரும்போது ஏற்கனவே ஏறின ஒரு பின் கீழ விழறது சகஜம், ரெண்டு மூணு ஸ்பூல் இருந்தா இன்னும் நிறைய விழும். க்ளிக்னு கேட்டு ஃபால்ஸ் செட்டே காணாம போயிடும், பதறி டென்ஷன இறுக்கிடாதீங்க, அதே மெல்லிசான அழுத்தத்துல மொதல் பின்ல இருந்து ஒரு ரவுண்டு வாங்க, விழுந்தது எதுன்னு தெரிஞ்சிடும், அத ஏத்தினா பழைய இடத்துக்கே வந்துடுவீங்க.

இது வரைக்கும் ஸ்பூல். ஆனா உங்க கையில இருக்கறது அமெரிக்கன் 1100, அதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு. செரேட்டட் பின். பின்ன சுத்தி வரி வரியா வெட்டு இருக்கும், ஒவ்வொரு வெட்டும் ஷியர் லைன்ல கொக்கி போட்டு நிக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன க்ளிக் வரும், ஏறிடுச்சுன்னு நெனச்சி அடுத்த பின்னுக்கு போயிடுவீங்க, அது பாதியில தொங்கிட்டு இருக்கும். ஸ்பூல் மாதிரி இது பெருசா சத்தம் போட்டு ஏமாத்தாது, அமைதியா ஏமாத்தும், பிளக் கொஞ்சம் கூட திரும்பாம கூட இருக்கலாம். அமெரிக்கன்ல டிரைவர் மட்டும் இல்லாம கீ பின்லயும் வெட்டு போட்டு வச்சிருக்கான், இது தான் பெரிய தலைவலி. ஒரு முடி அளவு அதிகமா தூக்கிட்டீங்கன்னா கீ பின்னே ஷியர் லைன்ல மாட்டிக்கும். ஓவர்செட். அதுக்கப்புறம் மிச்ச நாலையும் என்ன தான் சரியா ஏத்தினாலும் திறக்காது.

அப்போ நிக்கறது ஃபால்ஸ் செட்டா ஓவர்செட்டான்னு எப்டி கண்டுபிடிக்கறது? ஒவ்வொரு பின்னையும் ஹூக்கால ரொம்ப லேசா தொட்டு பாருங்க. அமுக்கினா ஸ்பிரிங் மாதிரி குதிச்சி வந்தா அது இன்னும் இறுகவே இல்ல, அதோட முறை வரல, விட்டுடுங்க. கெட்டியா நின்னு, தள்ளினா பிளக் பின்னாடி வந்தா அது ஸ்பூல், அங்க தான் வேலை. கெட்டியா நின்னு, தள்ளும்போது பிளக் அசையாம ஒரு சின்ன நறுக் மட்டும் வந்தா செரேட்டட், இன்னும் ஒரு வெட்டு ஏறணும், ஏத்துங்க ஆனா ஒண்ணே ஒண்ணு. கீ பின் மட்டும் ஸ்பிரிங் அழுத்தம் இல்லாம லொடலொடன்னு ஆடினா சரியா உட்கார்ந்த பின், கைய வைக்காதீங்க. ஆட்டமும் இல்லாம ஸ்பிரிங்கும் இல்லாம கல்லு மாதிரி நின்னா, மத்த எதுவும் பதில் சொல்லலன்னா, அநேகமா ஓவர்செட். அதுக்கு வைத்தியம், டென்ஷன மெதுவா, ரொம்ப மெதுவா இளக்கி ஒரு க்ளிக் கேட்டவுடனே நிறுத்தறது. மாட்டின பின் மட்டும் இறங்கியிருக்கும், மத்தது நிக்கும். அப்டி நிக்கலன்னா மொத்தமா விட்டுட்டு புதுசா ஆரம்பிங்க, அதுல ஒண்ணும் கெட்டு போகல.

சாவி கையில இருக்குல்ல, அத பாக்கறது திருட்டு ஆட்டம் இல்ல. பழகும்போது தாராளமா பாருங்க. சாவில பள்ளமா வெட்டியிருக்கற இடத்துல கீ பின் நீளமா இருக்கும், அத கொஞ்சம் தான் தூக்கணும், தொட்டா போதும். மேடா விட்டிருக்கற இடத்துல கீ பின் குட்டை, நிறைய தூக்கணும். நீளமான பின்னுக்கு பின்னாடி குட்டை பின் இருந்தா தான் சிக்கல், பின்னாடி இருக்கறத தூக்க போயி முன்னாடி இருக்கறத ஹூக்கோட உடம்பால ஓவர்செட் பண்ணிடுவீங்க, அந்த இடத்துக்கு தான் உயரமான ஹூக். அஞ்சு உயரத்தையும் ஒரு பேப்பர்ல வரைஞ்சி முன்னாடி வச்சிட்டு பிக் பண்ணுங்க, ஹூக் எங்க இருக்குன்னு மனசுல படம் ஓட ஆரம்பிக்கும்.

இத விட வேகமா கத்துக்க வழி பூட்ட கழட்டறது. 1100ல திறந்த நிலையில ஷேக்கிள் துளைக்குள்ள ஸ்க்ரூ இருக்கும், அத எடுத்தா சிலிண்டர் வெளிய வந்துடும். பிளக்க பிடிச்சிருக்கற கிளிப்ப கழட்டி, சாவி போட்டு பிளக்க கொஞ்சம் திருப்பி வச்சிட்டு, அதே தடிமன்ல ஒரு உருளைய பின்னாடி இருந்து தள்ளிட்டே பிளக்க வெளிய எடுக்கணும், நடுவுல துளி கூட இடைவெளி வந்துடக் கூடாது, வந்தா ஸ்பிரிங் பறக்கும், அப்புறம் டார்ச் அடிச்சி கட்டிலுக்கு அடியில தேட வேண்டியது தான். ஃபாலோவர்னு இதுக்குன்னே விக்கறாங்க, மரக்குச்சிய சரியான அளவுக்கு தேச்சும் பண்ணிக்கலாம். பின்ன எடுத்த வரிசையிலயே வைங்க. ரெண்டே ரெண்டு பின் மட்டும் போட்டு மூடி பிக் பண்ணுங்க, அதுல ஒண்ணு ஸ்பூலா இருக்கட்டும். கவுண்டர் ரொட்டேஷன தனியா, வேற சத்தம் எதுவும் இல்லாம உணர முடியும். அது விரலுக்கு பழகினதும் மூணு, நாலு, அஞ்சு. செரேட்டட் கடைசியா சேருங்க. இந்த வேலைய சோம்பல் படாம பண்றவங்களுக்கு 1100 பயம் போயிடும், பண்ணாதவங்க மாசக்கணக்கா அதிர்ஷ்டத்த நம்பி ஆட்டிட்டு இருப்பாங்க.

ஒரு முக்கியமான விஷயம், நீங்க மெயின்டனன்ஸ்ல இருக்கறதால கண்டிப்பா சொல்லியாகணும். அந்த அலுமினிய 1100 எதுக்காக செஞ்ச பூட்டுன்னு உங்களுக்கு என்ன விட நல்லா தெரியும், லாக்அவுட் பூட்டு. மெஷினுக்குள்ள கை விட்டு வேலை செய்யற ஆளு, கரண்ட் ஐசொலேட்டர்ல தன்னோட பூட்ட போட்டு சாவிய தன் பாக்கெட்லயே வச்சிருப்பான், அவன் வந்து எடுக்கற வரைக்கும் யாரும் சுவிட்ச் போட முடியாது. நெதர்லாந்துல ஆரம்பிச்ச டூல் (TOOOL)ங்கற பூட்டு பிக்கிங் சங்கம் மாதிரி ஹாபிக்காரங்க சங்கங்கள்ல ரெண்டு விதி உண்டு, உன்னோடது இல்லாத பூட்ட ஓனர் அனுமதி இல்லாம தொடாத, உன்னோடதா இருந்தாலும் பயன்பாட்டுல இருக்கற பூட்ட பிக் பண்ணாத. உங்க ஃபேக்டரில இந்த விதிய மீறினா ஒரு ஆள் செத்து போவான். "சாவி தொலைஞ்சிடுச்சு, உனக்கு தான் தெரியுமே, திறந்து குடேன்"னு ஒரு நாள் எவனாவது கேப்பான், ஷிஃப்ட் அவசரத்துல சூப்பர்வைசரே கூட கேக்கலாம். முடியாதுன்னு சொல்லிடுங்க. பூட்டு போட்ட ஆள் எங்க இருக்கான்னு உறுதி பண்ணி, பதிவு பண்ணி, பொறுப்பான அதிகாரி முன்னாடி பூட்ட வெட்டி எடுக்கறது தான் முறை. நீங்க பழகற பூட்ட வேலைக்கு எடுத்துட்டு போகாதீங்க, பழகினத திரும்ப லாக்அவுட்டுக்கு போடவும் கூடாது, கழட்டி மாட்டினதுல உள்ள பின் எப்டி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. டூல்ஸும் வீட்டுலயே இருக்கட்டும், ராத்திரி ஷிஃப்ட் முடிச்சி வரும்போது பையில ஹூக் செட்டோட போலீஸ்கிட்ட நின்னு ஹாபின்னு விளக்கம் சொல்றது உங்களுக்கு தேவையில்லாத அனுபவம். பிரிட்டன்ல 1968 திருட்டு சட்டத்துல திருட்டுக்கான கருவியோட வெளிய திரியறதுக்கே தனி பிரிவு இருக்கு, ஜப்பான்ல 2003ல இருந்து காரணம் இல்லாம பிக்கிங் டூல் வச்சிருக்கறதே குற்றம்.

திண்டுக்கல் பூட்டு கேட்டீங்க. அருமையான பூட்டு, 2019ல புவிசார் குறியீடு கூட வாங்கினது, ஆனா அதோட பாரம்பரியம் லீவர் பூட்டு, உள்ள பின் கிடையாது. உள்ள தகடு தகடா லீவர் இருக்கும், ஒவ்வொண்ணையும் சரியான உயரத்துக்கு தூக்கினா தான் போல்ட் நகரும், டூலும் வேற, கைப்பழக்கமும் வேற. 1851ல லண்டன் கண்காட்சி சமயத்துல ஆல்ஃப்ரட் ஹாப்ஸ்ங்கற அமெரிக்கர் சப் கம்பெனியோட டிடெக்டர் பூட்ட திறந்து ஊரையே அதிர வச்சாரே, அது லீவர் வகை தான். ஆசை இருந்தா அப்புறம் போங்க, இப்போ போனா 1100ல பாதி கத்துக்கிட்டது கையில இருந்து நழுவிடும்.

1100ல சலிச்சா ஹார்ட்வேர் கடைக்கு போயி அபார்ட்மென்ட் கதவுக்கு போடற யூரோ சிலிண்டர் ஒண்ணு தனியா வாங்குங்க. சாவில பக்கத்துல குழி குழியா இருந்தா அது டிம்பிள், அது வேண்டாம், பல்லு வெட்டின சாதாரண சாவியா பாத்து வாங்குங்க. வைஸ்ல மாட்டி உட்கார்ந்து பழக பேட்லாக்க விட வசதி. பிராண்ட் வாங்கணும்னா ஆபஸ் 55 வரிசை பேட்லாக்ல ஸ்பூல் வரும், அமெரிக்கன விட சாது.

மறுபடி சிக்கினா எழுதுங்க, ஆனா "திறக்கல"ன்னு மட்டும் எழுதாதீங்க, எந்த பின்ன தொட்டா பிளக் பின்னாடி வருது, எது கல்லு மாதிரி நிக்குது, சாவியோட வெட்டு எப்டி இருக்குன்னு முன்னாடி இருந்து பின்னாடி வரிசையா சொல்லுங்க, அத வச்சி தான் அடுத்தது சொல்ல முடியும்.