ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ‘மீதிங்க்ஸ்’ (methinks) என்றால் ‘ஐ திங்க்’ (I think) தானே? பிறகு கடைசியில் ஏன் ‘எஸ்’?

இதே கேள்வியைக் கேட்டு வகுப்பில் அவமானப்பட்டவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

ஆங்கில இலக்கியம் முதலாம் ஆண்டு போலிருக்கிறது உங்களுக்கு. எனக்கும் அப்போது அதே வருடம்தான். ஹாம்லெட் நடத்திய சார், ராணி கெர்ட்ரூட் பேசும் வரிக்கு வந்ததும் ‘மீதிங்க்ஸ், ஐ திங்க்’ என்று கரும்பலகையில் எழுதினார். (‘The lady doth protest too much, methinks’ என்ற அந்த வரியில் இந்தச் சொல் கடைசியில்தான் வரும். முன்னால் போட்டு மேற்கோள் காட்டுகிறவர்கள் மூலத்தைப் பார்க்காதவர்கள்.) “சார், ஐ திங்க்குன்னா எஸ் எதுக்கு சார்?” என்றேன். சாக்பீஸைக் கீழே வைத்தார். “ஷேக்ஸ்பியருக்கே கிராமரா? தமிழ் மீடியமா தம்பி நீ?” வகுப்பே சிரித்தது.

விஷயம் இதுதான். பழைய ஆங்கிலத்தில் ‘நினை’ என்பதற்கு ஒரு வினை, ‘தோன்று’ என்பதற்கு இன்னொரு வினை. ஒலி நெருங்கி நெருங்கிக் கடைசியில் இரண்டும் ஒரே ‘திங்க்’ ஆகிவிட்டன. மீதிங்க்ஸில் இருப்பது ‘தோன்று’. ‘மீ’ அங்கே ‘நான்’ இல்லை, ‘எனக்கு’. நம் நான்காம் வேற்றுமையேதான். எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது ‘அது’, ஆகவே எஸ். ‘எனக்குப் பசிக்கிறது’ என்று தினமும் சொல்கிற தமிழ் மீடியக்காரனுக்குத்தான் இது சட்டென்று பிடிபடும்!

இறந்தகாலம் ‘மீதாட்’ (methought). பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில் ‘ஹிம் தாட்’டும் உண்டு, அவனுக்குத் தோன்றியது. மீதிங்க்ஸை இன்று விளையாட்டாகச் சொல்வதோடு சரி. ‘ஐ மீதிங்க்ஸ்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

‘ஆங்கிலம் தமிழிலிருந்து வந்தது என்கிறாயா’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஜெர்மனிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு, ‘மிஷ் டுன்க்ட்’ (mich dünkt). அது ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொத்து. நான் மொழியியல் படித்தவனும் இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு தனி. எங்கள் நூலகத்தில் பெரிய அகராதியைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். சாவி அட்டெண்டரிடம். அவர் வருவது பதினொன்றுக்கு, சாப்பிடப் போவது பன்னிரண்டரைக்கு. புத்தகம் அழுக்காகிவிடுமாம்! மூன்றாவது நாள்தான் கையில் கிடைத்தது. நின்றுகொண்டே படித்து, நோட்டு ஓரத்தில் பென்சிலால் ‘எனக்கு’ என்று எழுதிக்கொண்டேன்.

செமஸ்டரில் ‘மீதிங்க்ஸ்’ என்றால் என்ன என்ற கேள்வி வந்தது. ‘ஐ திங்க்’ என்றுதான் எழுதினேன். திருத்தப்போவது அதே சார். இரண்டுக்கு இரண்டு.