கறுத்த விரலும் சீழ்க் கட்டும்: மருத்துவச் சொற்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்குச் சலரோகம். கால் சின்னவிரல் கறுத்துச் சுருங்கிவிட்டது. கிளினிக் கொப்பியில் 'டிரை காங்கிரீன்' என்று எழுதியிருக்கிறார்கள். நோவும் இல்லை, மணமும் இல்லை. அழுகாத விரலை ஏன் வெட்டவேண்டும் என்று கேட்கிறார்.
– வாசகி, விசுவமடு

பதில்: அந்த விரல் இன்னும் அழுகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது இறந்துவிட்டது. உடம்பு உயிரோடிருக்க, அதன் ஒரு பகுதியில் கலங்கள் சாவதை இழைய இறப்பு, அதாவது நெக்ரோசிஸ் என்பார்கள். குருதி எட்டாமல் விரலோ பாதமோ மொத்தமாக இறந்தால் அது காங்கிரீன். உலர் காங்கிரீனில் நாடி மெல்ல மெல்ல அடைபடுவதால் இழையம் காய்ந்து சுருங்கும். குருதியிலுள்ள இரும்பு சல்பைட்டாக மாறுவதால் கறுக்கும். நல்ல தோலுக்கும் செத்த தோலுக்கும் இடையில் ஒரு கோடு விழும். நோவு இல்லாததை நல்ல அறிகுறியாக எடுக்கவேண்டாம். சலரோகம் நரம்பைக் கெடுத்தால் நோவு தெரியாது.

பயப்படவேண்டியது ஈரக் காங்கிரீனுக்குத்தான். செத்த இழையத்தில் பற்றீரியா புகுந்தால் வீங்கும், கொப்புளிக்கும், நாறும், கோட்டைத் தாண்டி மேலே ஏறும். அழுகல் என்ற சொல் பொருந்துவது இதற்கே. வயல் சேற்றில் வெறுங்காலோடு இறங்கினாலோ, சுடுதண்ணீரில் காலை ஊறவைத்தாலோ, பச்சிலை அரைத்துப் பூசினாலோ காய்ந்த விரல் ஈர விரலாகிவிடும். கழுவினால் ஒற்றித் துடையுங்கள். விரலிடுக்கில் உலர்ந்த கோஸ் துணி வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் இலையான் மொய்த்துப் புழு வைக்கும். தோலைப் பிய்க்கவோ விரலை அசைத்துப் பார்க்கவோ கூடாது.

வெட்டுவதா, கோடு முற்றும்வரை விடுவதா என்பதைக் காலுக்கு வரும் குருதியோட்டத்தைச் சோதித்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் முடிவெடுப்பார். ஓட்டம் போதாத இடத்தில் வெட்டினால் அந்தக் காயமும் ஆறாது. அதனால் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். பாதம் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மணத்தாலோ திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வீங்கிய இடத்தை அமத்தும்போது தோலுக்கடியில் நொறுநொறுத்தால் அது வாயுக் காங்கிரீனாக இருக்கலாம். அது மணித்தியாலக் கணக்கில் பரவும்.

கேள்வி: சீழ் பிடித்தால் குருதி கெட்டுவிட்டது என்று அர்த்தமா? 'செப்சிஸ்' என்பது அதுதானா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: இல்லை. பற்றீரியாவோடு மோதிச் செத்த வெண்குழியங்களும், செத்த பற்றீரியாவும், கரைந்த இழையமும் சேர்ந்ததுதான் சீழ். அது ஓரிடத்தில் கட்டிநிற்கும்வரை அந்த இடத்துப் பிரச்சினை. சீழ்க் கட்டுக்குள் குருதி ஓட்டம் இல்லாததால் மருந்து சரியாகப் போய்ச் சேராது. கீறி வடித்தால்தான் ஆறும். வீட்டில் பிதுக்கினால் உள்ளே பரவும்.

செப்சிஸ் வேறு. தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அளவு மீறி, சிறுநீரகம், நுரையீரல் போன்ற தன் சொந்த உறுப்புகளையே பழுதாக்கும் நிலை அது. சிறிய முள்ளுக் காயத்திலிருந்தும் வரலாம். பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 22 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால், பேச்சுத் தடுமாறினால், மேல் பிரஷர் 100 அல்லது அதற்குக் கீழ் இறங்கினால் தாமதிக்க நேரமில்லை. காய்ச்சல் இல்லையென்று ஆறுதலடைய வேண்டாம். முதியவர்களுக்குச் சிலவேளை உடம்பு குளிர்ந்தே போகும்.

கேள்வி: உயர்தர உயிரியல் படிக்கிறேன். அப்பொப்டோசிஸும் கல இறப்புத்தானே, நெக்ரோசிஸிலிருந்து எப்படி வேறுபடும்?
– மாணவி, மாங்குளம்

பதில்: அப்பொப்டோசிஸில் கலம் தன் உள்ளிருக்கும் கட்டளைப்படி சுருங்கித் துண்டாகும், அயல் கலங்கள் அதை விழுங்கும், அழற்சி வராது. வாற்பேத்தையின் வால் மறைவது இப்படித்தான். நெக்ரோசிஸில் கலம் வீங்கி வெடிக்கும், உள்ளிருப்பது வெளியே கொட்டும், சுற்றிவர அழற்சி வரும்.

கேள்வி: கள்ளுப் புளிப்பதும் மீன் பழுதாவதும் ஒன்றா? முல்லைத்தீவிலிருந்து வந்த சூரையை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் சாப்பிட்டோம். ஆனாலும் முகம் சிவந்து கடித்தது.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இரண்டும் நுண்ணங்கிகளின் வேலைதான், ஆனால் வேறு வேறு. கள்ளில் மதுவம் வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவது நொதித்தல். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் அது தடைப்படும், கருப்பநீர் இனிப்பாகவே இருக்கும். மீனில் உடைவது புரதம். அதுதான் நாற்றத்தோடு வரும் அழுகல்.

உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, அறக்குளா, சாளை போன்றவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் வெயிலில் கிடந்தால் பற்றீரியா அதை ஹிஸ்டமினாக்கும். கொதிக்கவைத்தால் பற்றீரியா சாகும், ஹிஸ்டமின் அழியாது. பொரித்தாலும், கருவாடாக்கினாலும் அப்படியே இருக்கும். நாற்றம் வருமுன்பே அது சேர்ந்துவிடலாம் என்பதால் மணந்து பார்த்து முடிவெடுக்க முடியாது. வாயில் மிளகுபோல் உறைத்தால் துப்பிவிடுங்கள். பிடித்ததிலிருந்து மீன் 4 பாகை செல்சியசுக்குக் கீழ் இருக்கவேண்டும். எங்கள் வெக்கைக்குக் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் போட்ட பெட்டியில் வந்த மீனையே வாங்குங்கள். சாப்பிட்டபின் மூச்சு இழுத்தாலோ தலை சுற்றி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.