கடலூரில் பத்து, புதுச்சேரியில் எட்டு

வணக்கம். கடலூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் புதுச்சேரித் தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவைப் பற்றி 32 பக்கப் படக்கதை எழுதி, படமும் வரைந்து அனுப்பியிருக்கிறேன். வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது 1936-ல் நடந்த துப்பாக்கிச்சூட்டை இந்த வயதில் காட்டலாமா? கதையைப் பாட்டாக மாற்றட்டுமா?

அன்புள்ள டீச்சர்,

மில் சங்கு ஊதும் பக்கத்தை நாலு தரம் பார்த்தேன். அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. பாட்டெல்லாம் வேண்டாம், விடுங்கள்.

ஆனால் சவானா மில் வாசலில் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் பறக்கிறதே! கடலூர்க்காரர் செய்கிற தப்பா இது? புதுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. கம்பத்தை ஒட்டி நீலம், அப்புறம் வெள்ளை, சிவப்பு. சுப்பையா பிறந்தது 1911-ல். வேலைநிறுத்தத்தின்போது 25 வயது. நீங்கள் வரைந்திருப்பது நரைத்த தாத்தாவை.

கொடியை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உங்கள் கதையே அந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1934 தொழிற்சாலைச் சட்டப்படி, ஆண்டு முழுக்க ஓடும் ஆலையில் ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி வரை வேலை வாங்கலாம். 1937-ல் புதுச்சேரிக்கு 8 மணி நேரம் வந்தது. எல்லைச்சாவடிக்கு அந்தப் பக்கம் எட்டு, உங்கள் பக்கம் பத்து. உங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? நீங்களோ ‘உரிமையை வென்று தந்தார்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

மணிக்கு ஒன்றாக, ஒரு நாளுக்கு 24 கட்டம் போடுங்கள். புதுச்சேரி வரிசையில் 8-க்கு வண்ணம், கடலூர் வரிசையில் 10-க்கு. மிச்சத்தைப் பிள்ளைகளே எண்ணட்டும். வரிசையை இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரேயடியாக ஓட்டினால் நடுத்தையலில் ஒரு கட்டம் அமுங்கி, 23 என்று எண்ணும் குழந்தை. இடப்பக்கம் 12, வலப்பக்கம் 12. மடிப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி.

ஒரு கட்டம், அதாவது ஒரு மணி நேரத்தில் என்ன வேலை என்பதும் தெரிய வேண்டும். ராட்டையை அழியுங்கள், அது ஆலை இல்லை. ஆலையில் நூல் நூற்கும் எந்திரமான ரிங் பிரேமை வரையுங்கள். இழை அறுந்தால், சுழலும் கதிரை நிறுத்தி, நூல் சுற்றும் பாபினில் நுனியைத் தேடி எடுத்து, வளையத்தில் ஓடும் டிராவலர் என்ற சின்னக் கம்பி வளைவுக்குள் நுழைத்து, மேலே கொக்கி வழியே கொண்டுபோய், உருளையில் வரும் பஞ்சோடு ஒட்டவேண்டும். ஒட்டி முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று அறும். இதை நாலு சின்னப் படமாகப் போடலாம், வார்த்தையே வேண்டாம். தலைப்பு, பதிப்பு விவரம் போனால் உங்களுக்கு மிஞ்சுவது 28 பக்கம், அதாவது 14 இரட்டைப்பக்கம். ஒவ்வொன்றுக்கும் 40 சொல் போதும். நீங்கள் எழுதியிருப்பதில் படத்துக்கு மூலைதான் மிச்சம். சுப்பையா வாயில் நீங்களாகப் போட்ட வசனங்களை முதலில் வெட்டுங்கள். அவர் 1934-ல் தொடங்கிய ‘சுதந்திரம்’ பத்திரிகையைக் கையில் கொடுங்கள்.

கேட்ட கேள்வி நின்றுபோனதே. காட்டலாம், ரத்தம் வேண்டாம். 1936 ஜூலை 30-ல் இறந்தவர்கள் 12 பேர். உங்கள் கூட்டத்தில் யாருக்கும் முகமே இல்லை, எல்லாம் வெறும் முட்டை. முதல் பக்கங்களிலேயே பன்னிரண்டு பேரை அடையாளத்தோடு வரையுங்கள். ஒருவருக்குக் கட்டம் போட்ட துண்டு, ஒருவருக்கு முன்பல் இல்லை, ஒருவர் காதில் பீடி. சங்குப் பக்கத்துக்கு அப்புறம் வரும் கூட்டத்தில் இவர்கள் இருக்கக் கூடாது. பெயர் மட்டும் நீங்களாக வைத்துவிடாதீர்கள்.