டிஸ்க் கோட்டம்: லேத்துக்குப் போகும் முன் அளந்து வையுங்கள்

கேள்வி: கோவையில் உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் 160 சிசி பைக் ஒன்றை லோன் போட்டு வாங்கினேன். 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக முன் பிரேக் பிடித்தால் லிவர் துடிக்கிறது, ஹேண்டில் உதறுகிறது. ஷோரூம் சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, "டிஸ்க் கோட்டமாகிவிட்டது, தேய்மானப் பொருளுக்கு வாரண்டி கிடையாது" என்று சொல்லி டிஸ்க், பேட், கூலி சேர்த்து 4,800 ரூபாய் கேட்கிறார்கள். எதிர்த்துக் கேட்டதற்கு மேலாளர், "ஓட்டத் தெரியாமல் ஓட்டினால் இப்படித்தான்" என்று எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார். அதை செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். வெளி மெக்கானிக் ஒருவர் லேத்தில் கொடுத்து 400 ரூபாயில் சமப்படுத்தித் தருகிறேன் என்கிறார். கையில் பணம் இல்லை. இஎம்ஐயை நிறுத்திவிட்டு, மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: மேலாளர் பேசியது தவறுதான். ஆனால் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு உங்கள் வழக்கு ஓர் அடிகூட நகராது. எட்டு மாதத்தில் இப்படி ஆகலாமா என்ற கோபமும் நியாயமானதே, அதுவும் ஆதாரம் ஆகாது. உங்கள் விஷயத்தில் சட்டப்படி பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. டிஸ்க் தேய்ந்திருக்கிறதா, கோட்டமாகியிருக்கிறதா? அதை யார், எந்தத் தேதியில், எந்தக் கருவியால் அளந்தார்கள்?

தேய்மானம் என்றால் டிஸ்க்கின் கனம் குறைவது. எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்ற குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கோட்டம் வேறு. வீல் சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்பதை டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்துத்தான் சொல்ல முடியும். பல மாடல்களின் சர்வீஸ் மேனுவலில் அதற்கான வரம்பு 0.3 மில்லிமீட்டர், சிலவற்றில் அதையும்விடக் குறைவு. கனம் குறைந்தபட்ச அளவுக்கு மேலே நன்றாக இருந்து, ஆட்டம் மட்டும் வரம்பைத் தாண்டியிருந்தால், "தேய்மானப் பொருள்" என்று அவர்கள் சொன்ன காரணம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டு எண்கள்தான். உங்கள் கடிதத்தில் அவை இரண்டும் இல்லை. சர்வீஸ் சென்டர் கண்ணால் பார்த்துச் சொன்னதா, அளந்து சொன்னதா என்பதும் இல்லை.

இனி லேத் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி வருகிறவர்களில் பலர் கவிழ்வது இங்கேதான். பணமில்லாத நேரத்தில் 400 ரூபாய் என்று கேட்டதும் மனசு அந்தப் பக்கம் போகும், புரிகிறது. ஆனால் லேத்தில் கடைந்த அந்த நிமிடமே இரண்டு எண்களும் அழிந்துவிடும். கோட்டம் போய்விடும், கனமும் குறைந்துவிடும். பிறகு நீங்கள் நுகர்வோர் ஆணையத்தில் காட்டப்போவது, கம்பெனி கொடுத்த டிஸ்க்கை அல்ல, லேத்துக்காரர் கடைந்த டிஸ்க்கை. எதிர்தரப்பு வக்கீல் பதில் மனுவில் ஒரே வரிதான் எழுதுவார்: "மனுதாரர் பொருளை வெளியாளிடம் கொடுத்து மாற்றியமைத்துவிட்டார்." அதோடு வாரண்டியும் போச்சு, வழக்கும் போச்சு.

இதே தவறின் இன்னொரு வடிவமும் உண்டு. வெளியில் மலிவான டிஸ்க் வாங்கி மாட்டிவிட்டு, பழையதை மெக்கானிக் கடையிலேயே விட்டு வந்துவிடுவார்கள். அது அன்றே பழைய இரும்போடு போய்விடும். பிறகு பில்லும் போட்டோவும் எடுத்துக்கொண்டு வக்கீலைத் தேடி வருவார்கள். பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலை வந்தால், அதை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பிரிவு 38 வழி செய்கிறது. பொருளே இல்லை என்றால் எதை அனுப்புவது? உற்பத்திக் குறைபாட்டை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது, கம்பெனியுடையது அல்ல.

கழற்றிய டிஸ்க்கைப் பத்திரமாக வைத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் முழுப் பலன் தராது. பைக்கில் இருக்கும்போது வரும் ஆட்டத்துக்கு வீல் பேரிங், டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் ஒட்டிய அழுக்கு, சமமாக இறுக்காத போல்ட் எல்லாம் காரணமாக இருக்கலாம். லிவர் துடிப்பதற்குப் பல நேரம் கோட்டமே காரணமாக இருக்காது. பேட் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தாலும் அதே உதறல் வரும். அப்படியென்றால் சுத்தம் செய்து பேட் மாற்றினாலே சரியாகிவிட வாய்ப்புண்டு, செலவும் சில நூறு ரூபாயோடு முடியலாம். ஆகவே டிஸ்க் பைக்கில் இருக்கும்போதே முதல் அளவு எடுக்கப்பட வேண்டும்.

நாளைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போய், மேலாளரோடு சண்டை போடாமல், எழுத்தில் ஒன்று கேளுங்கள்: ஆட்டம் எவ்வளவு, நான்கைந்து இடங்களில் கனம் எவ்வளவு, இரண்டையும் ஜாப் கார்டில் (சர்வீஸ் விவரச் சீட்டில்) எழுதித் தர வேண்டும். கேலிப்பரின் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஸ்லைடு பின்களும் பிஸ்டனும் தாராளமாக நகர்கின்றனவா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் உங்கள் கையில் இருக்கும் பலமான துருப்பு என்று நினைக்கிறேன். ஸ்லைடு பின் இறுகிப்போனால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் கொதித்துக் கோட்டமாகும். முறையாக சர்வீஸ் செய்த பைக்கில் எட்டு மாதத்தில் ஸ்லைடு பின் இறுகினால் அதைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது. குறைபாடுள்ள பாகமாக இருக்க வேண்டும், அல்லது அவர்களே செய்த சர்வீஸின் குறையாக இருக்க வேண்டும். இலவச சர்வீஸ்களை எல்லாம் அவர்களிடமே செய்திருந்தால் அந்த ஜாப் கார்டுகளை இப்போதே தேடி எடுங்கள். ஒன்றை விட்டிருந்தாலும் அது உங்களுக்கு எதிராக வரும்.

எழுதித் தர மறுத்தால், மறுத்ததையே அன்றைக்கே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பிறகு வெளியில் ஓர் ஆட்டோமொபைல் இன்ஜினியரையோ, உரிமம் பெற்ற வாகன சர்வேயரையோ வைத்து அளந்து, கையெழுத்தும் தேதியும் உள்ள அறிக்கை வாங்குங்கள். செலவாகும். ஆனால் லேத்துக்குக் கொடுக்கும் 400 ரூபாயைவிட இந்தப் பணம் உங்களுக்கு உதவும்.

உங்கள் பக்கமும் உண்மையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் லாக்கை எடுக்க மறந்து பைக்கை நகர்த்தியதுண்டா? பள்ளத்தில் பலமாக விழுந்ததுண்டா? ஓடிவந்த சூட்டோடு வாட்டர் வாஷுக்கு விட்டதுண்டா? இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால், கம்பெனித் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அப்போது வழக்கை மறந்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

டெலிவரி வேலை செய்வதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று ஒரு ஆட்சேபம் வரலாம். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7)-இன் விளக்கம் சொல்கிறது. பைக்கை நாள் வாடகைக்கு வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், இந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகும். வாரண்டிப் புத்தகத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு விலக்கு ஏதும் இருக்கிறதா என்றும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இஎம்ஐயை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் தனி. அதற்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமில்லை. பைக் சரியில்லை என்று தவணையை நிறுத்தியவர்களிடமிருந்து வண்டியைத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அதன்பின் ஆய்வுக்கு அனுப்பப் பைக்கும் இருக்காது, சம்பாதிக்க வழியும் இருக்காது.

5 லட்சம் என்ற எண்ணை விட்டுவிடுங்கள். நீங்கள் நிரூபித்த நஷ்டத்தைத்தான் ஆணையம் பெரும்பாலும் பார்க்கும். வேலைக்குப் போகாத நாட்களுக்கான இழப்பை டெலிவரி ஆப்பின் வாரக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் வைத்துக் காட்டலாம். அதற்கு மேல் ஊதிப் பெருக்கிக் கேட்டால் உண்மையான கோரிக்கையின் மீதும் சந்தேகம் வரும்.

நேராகச் சொல்கிறேன், சமரசம் செய்யுங்கள். தகராறு 4,800 ரூபாய்க்கு. ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் வாய்தாக்கள் அதையெல்லாம் தாண்டிப் போகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அளவுகள் உங்களுக்குச் சாதகமாக வந்தால், "டிஸ்க்கை நீங்கள் கொடுங்கள், பேட்டும் கூலியும் நான் தருகிறேன்" என்று கேளுங்கள். ஏரியா சர்வீஸ் மேலாளர் மட்டத்தில் இப்படிப்பட்ட கோரிக்கைகளை ஏற்றுக்கொள்வதுண்டு. பாதி விலைக்கு வந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். இலவசமாக மாற்றினால் பழைய டிஸ்க்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அதற்கு முன் அளவுகளோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பணம் கொடுத்து மாற்றினால் பழைய டிஸ்க்கையும் பேட்டையும் கேட்டு வாங்கி, "பழைய பாகம் ஒப்படைக்கப்பட்டது" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். "விபத்தால் ஏற்பட்ட சேதம்" என்றோ "ஓட்டியவர் தவறு" என்றோ எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கேலிப்பரைச் சரிசெய்யாமல் புது டிஸ்க் மட்டும் மாட்ட விடவும் வேண்டாம், அதுவும் கோட்டமாகும்.

அதுவரை இந்த பிரேக்கோடு ராத்திரி டெலிவரிக்குப் போகாதீர்கள். குறை இருப்பது தெரிந்தே ஓட்டி யாருக்காவது காயம் ஏற்பட்டால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190-இன்படி மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ வரலாம். குறை தெரியும் என்பதற்கு உங்கள் ஜாப் கார்டே சாட்சி. லேத்தில் கடைந்த டிஸ்க்குக்கும் இது பொருந்தும். பைக் டிஸ்க்கில் புதிதாக இருக்கும்போதே குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம் இருக்கும். கோட்டம் போகும்வரை கடைந்தால் அது தாங்காது.

பேச்சு எடுபடவில்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் டீலரையும் கம்பெனியையும் சேர்த்து மனுப் போடுங்கள். காலவரம்பு பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு, வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதால் அது நீளாது. பைக் விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ருதியில் நீங்களே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. இவ்வளவு சிறிய தொகைக்கு வக்கீல் கட்டணம் கொடுப்பதைவிட அந்தப் பணத்தில் அளவு அறிக்கையை வாங்குங்கள்.