பார்ட்டிகிள் போர்டு புத்தக அலமாரியின் தட்டுகள் தொய்கின்றன. அதிக எடை தாங்கும்படி பலப்படுத்த முடியுமா?

மரச்சீவலைப் பசையோடு அழுத்திச் செய்த பலகைதான் பார்ட்டிகிள் போர்டு. பெட்டியில் பிரித்து வந்து, நாமே பூட்டி நிறுத்திய அலமாரி. புத்தகம் அடுக்கிய சில மாதங்களில் தட்டுகள் நடுவில் தொய்ந்துவிட்டன. தூக்கிப் போடாமல் சரிசெய்ய முடியுமா என்பது உங்கள் கேள்வி. தாராளமாக முடியும். பலகை தண்ணீர் பட்டு ஊதியிருந்தால் மட்டும் அதை விட்டுவிடுங்கள். ஊதிய பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ நிற்காது.

முதலில் எடையைப் பற்றி ஒரு கணக்கு. ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டு ஏறக்குறைய 5 செ.மீ. தடிமன், எடை 2.3 கிலோவுக்கு மேல். 80 செ.மீ. தட்டில் 16 கட்டு நிற்கும். அதாவது 37 கிலோ. உலகமெங்கும் விற்கும் ஐக்கியாவின் பில்லி அலமாரியில் இதே அகலத் தட்டுக்குச் சொல்லப்படும் வரம்பு 30 கிலோதான். ஃபைல்களும் பெரிய அளவுப் புத்தகங்களும் தட்டை நிறைத்தால் வரம்பைத் தாண்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதுவும் பார்ட்டிகிள் போர்டு முதல் நாள் வளைவதோடு நிற்பதில்லை. எடை தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். தட்டைத் திருப்பிப் போட்டால் கொஞ்ச நாள் நேராகத் தெரியும், அப்புறம் மறுபக்கம் தொய்யும். எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்க்க, தட்டின் இரண்டு முனைகளுக்கும் அடிப்பக்கமாக ஒரு நூலை விறைப்பாகப் பிடியுங்கள். தட்டு நூலை எவ்வளவு கீழே தள்ளுகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் முதல் வேலை, நடுவில் தாங்கல் கொடுப்பதுதான். ஒரே மாதிரி அடுக்கிய தட்டில், தொய்வு அகலத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 80 செ.மீ. தட்டை நடுவில் தாங்கி 40, 40 ஆக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும். இதற்கு இணையான பலன் வேறு எந்த வழியிலும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. பிளைவுட் கடையில் 18 மி.மீ. துண்டுகளை உயரம் சொல்லி வெட்டி வாங்கி, ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். மேலிருந்து கீழ்வரை எல்லாத் தடுப்புகளும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். பலர் கவனிக்காத இடம் அடித்தட்டு. அதற்கும் தரைக்கும் நடுவே பெரும்பாலும் வெற்றிடம் இருக்கும். அந்த உயரத்துக்குக் கச்சிதமாக ஒரு கட்டையைக் கொடுக்காவிட்டால், மேலே உள்ள பாதி எடை அத்தனையும் அடித்தட்டின் நடுவில் வந்து இறங்கும்.

நடுவில் தடுப்பு வைத்தால் அகலமான பொருள் வைக்க முடியாதே என்றால், ரீப்பர் கட்டை, அதாவது ஒல்லியான நீள மரச்சட்டம். அடிஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்தால் வளைகிறது, செங்குத்தாகப் பிடித்தால் வளைவதில்லை அல்லவா, அதேதான் இங்கும். 20 மி.மீ. தடிமனும் 40 மி.மீ. உயரமும் உள்ள நல்ல மரக்கட்டையைச் செங்குத்தாக வைத்தால், அது ஒன்றே 16 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு தட்டைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு விறைப்பு. தட்டின் அடியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முன்னால் மட்டும் போட்டால் தட்டின் பின்பாதி தனியாகத் தொய்யும்.

ஒட்டுவதற்கு முன் தட்டின் அடிப்பக்க வழவழப்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்த வழவழப்பான மேலுறையான லேமினேட் மேல் ஃபெவிகால் பிடிக்காது. பிறகு தட்டின் மேலிருந்து கீழ்நோக்கி, ஒரு சாண் இடைவெளியில் ஒன்றரை அங்குல ஸ்க்ரூ. முன்கூட்டியே டிரில்லில் சிறு துளை போட்டுவிட்டு முடுக்குங்கள், இல்லையென்றால் பலகை பிளக்கும். ஸ்க்ரூ தலை பலகைக்குள் புதைந்திருந்தால் புத்தகத்தின் அடி கிழியாது.

தட்டை விறைப்பாக்கிவிட்டால் அடுத்து தோற்பது, அதைத் தாங்கும் சின்ன உலோகப் பின்கள். ஒரு பின்னை உருவிப் பாருங்கள். வட்டத் துளை கீழ்ப்பக்கம் நசுங்கி முட்டை வடிவமாகியிருந்தால், கீழ்த்தட்டில் பழுப்பு நிறத் தூளும் சிந்தியிருந்தால், அந்தத் துளை இனி உதவாது. பக்கப் பலகைகளின் உட்புறம், தட்டின் ஆழத்துக்கு ஒரு ரீப்பர் துண்டை ஒட்டி, வெளிப்பக்கத்திலிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூவால் பிடியுங்கள். நீளக் கட்டைகளின் முனைகள் இந்தத் துண்டுகள் மேல் உட்கார வேண்டும். இனி எடையைச் சுமப்பது பின் அல்ல, கட்டை.

தட்டே கெட்டிருந்தால் அதே அளவில் 18 மி.மீ. பிளைவுட் வெட்டி மாற்றலாம். வெட்டும்போது மேல்தாளின் மர ரேகை தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். குறுக்கே, முன்னிருந்து பின்னாக ஓடினால் விறைப்பு குறையும்.

முதுகில் உள்ள மெல்லிய அட்டைப் பலகையை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். அலமாரி பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பது அதுதான். ஆணி கழன்றிருந்தால் 6 மி.மீ. பிளைவுட்டாக மாற்றி, சுற்றிலும் ஸ்க்ரூ போடுங்கள்.

இவ்வளவு செய்தபின் அலமாரி முன்பைவிட அதிக எடையோடு நிற்கும். அதனால் சுவரோடு பிணைப்பதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், வீட்டில் குழந்தை இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள். கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால் 2016-ல் அமெரிக்காவில் மட்டும் ஐக்கியா சுமார் 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்ப அழைத்தது. மேல் மூலைகள் இரண்டிலும் எல் பிராக்கெட் போதும். சுவரில் துளை பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும், வெறும் பூச்சில் நிற்கும் பிளக் இழுத்தால் வந்துவிடும். புது அடுக்குமாடிகளில் எடை குறைந்த வெள்ளைக் கல் சுவராக இருந்தால், அதற்கென்றே விற்கும் பிளக் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடு, டிரில் போடக்கூடாது என்றால் உரிமையாளரிடம் காரணத்தைச் சொல்லி இரண்டே துளைக்கு அனுமதி கேளுங்கள். அதுவரை கனமான புத்தகங்கள் எல்லாம் கீழ் இரண்டு தட்டுகளிலேயே இருக்கட்டும்.